பின்னிருக்கையும் இருக்கைவாரும்

(தூத்துக்குடியில் நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இத்திங்கட் கூட்டத்தில் இலக்கியப் பொருள் ஒன்றனைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தனர். கொற்கைத் துறையின் பழம்பெருமையைக் குறித்துப் பேச யாமும் இசைந்திருந்தோம். அற்றாயினும், சென்ற சில ஆண்டுகளாக நம் குடும்பங்களில் நிகழ்ந்துவரும் துயரங்களைக் கண்டும் கேட்டும், கொற்கையை மற்றொரு நாளைக்கு ஒதுக்கிவைத்து, மோட்டார் வண்டியிற் செல்வோர் அணியவேண்டிய வாரைப் பற்றிச் சில கூறத் துணிந்தோம். தமிழாசிரியனுக்கு மோட்டாரைப் பற்றி என்ன தெரியும் என்று இளைஞர் சிலர் புன்முறுவல் செய்வது தெரிகின்றது. ஓட்டும் வித்தையை அவர்களே நன்கறிவர். யாம் பேச விரும்புவது பின்னே அமர்ந்திருப்பவர்களைப் பற்றி.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு சொல். வழக்கில் இதனைச் சீட்பெல்ட் என்கின்றனர். இலங்கைத் தமிழர் ஆசனப்பட்டி என்கின்றனர். இருக்கைப்பட்டை என்று எழுதுவாரும் உளர். யாம் இருக்கைவார் என்று சொல்லுவோம். சுருக்கமாக வார் என்போம். பெயரைப் பற்றி வழக்கிட விரும்புவோர் வழக்கிடுக. ஆனால் வண்டியில் இருந்து வழக்கிடுவதாயின் அதனை அணிந்துகொண்டு வழக்கிடுக.

இக்கடற்கரையார்க்குக் கட்டு இன்னதென்று பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. நம் கடலில் முத்துச் சலாபம் 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆயினும் அதன் முறைமையை நம் முதியோர் வாய்க்கேட்டோர் இவ்வவையிற் பலர் இருத்தல் கூடும். குளிப்பவன் கனத்த கல்லின்மேற் காலூன்றிக் கடலின் அடித்தளத்தை அடைவான். கல்லை விட்டவுடன் தோணியிலுள்ளார் அதனை மேலே இழுத்துக்கொள்வர். அவன் மூச்சடக்கி இருக்கும் ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்குள் சிப்பிகளை வாரி வலைப்பையில் இட்டுக் கயிற்றை அசைப்பான். மேலே கயிற்றின் மறுதலையைக் கையில் வைத்திருப்பவன் உடனே இழுத்தல் வேண்டும். அக்கயிற்றைப் பிடிப்பதற்கு மனைவியின் உடன்பிறந்தானையே அமர்த்துவர் என்றும், தன் தங்கையின் தாலி தன் கையில் இருக்கின்றது என்ற நினைவே அவனை இமை கொட்டாதிருக்கச் செய்யும் என்றும் நம் பக்கத்தார் சொல்லுவது உண்டு. எவ்வளவு தேர்ந்த குளியாளும் 'எனக்குக் கயிறு எதற்கு? நான் பழகியவன்' என்று சொல்லி இறங்கியதில்லை. பனையேறுவோரைப் பாருங்கள். அவர்களும் காலில் தளைநாரை மாட்டாது அடிமரத்தைத் தொடுவதில்லை. கடலுக்கும் பனைக்கும் இத்துணை அஞ்சி நடந்தவர் வழித்தோன்றல்கள், நாற்சக்கர வண்டியின் பின்னிருக்கையில் ஏறியமர்ந்தவுடன் மட்டும் அச்சம் அனைத்தும் நீங்கியவர் ஆகின்றனர். என்னை? வண்டியின் விரைவு கண்ணுக்குத் தோன்றாமையே காரணம். பனையின் உச்சியில் நிற்பவன் கீழே நோக்கினால் தலை சுற்றும். குளிர்ந்த காற்று வீசும் வண்டிக்குள் மெத்தையிற் சாய்ந்திருப்பவனுக்கு உயரம் தோன்றுவதில்லை.

தோன்றாத அவ்வுயரத்தைக் கணக்கிட்டுக் காண்போம். உயர்நிலைப் பள்ளியிற் பயிலும் நம் பிள்ளைகளே இக்கணக்கைச் செய்வர். மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவிற் செல்லும் ஒருவன், அவ்விரைவோடு அசையாப் பொருள் ஒன்றன்மேல் மோதுதல், ஏறத்தாழ 14 மீட்டர் உயரத்தினின்று தரையில் வீழ்தலுக்கு ஒப்பாகும். மணிக்கு 80 கிலோமீட்டராயின் ஏறத்தாழ 25 மீட்டர்; அஃதாவது ஓங்கி வளர்ந்த பனையின் உச்சி. திருநெல்வேலி நெடுஞ்சாலையில் நம்மவர் வல்லநாட்டைக் கடக்கும் விரைவு இதனினும் மிகுதி என்பதை யாம் சொல்ல வேண்டா. தளைநார் இன்றிப் பனையுச்சியில் அமர்ந்து, கையிற் பேரக்குழந்தையை வைத்துக்கொண்டு, பழங்கதை பேசிச் சிரித்திருப்பவரை நாம் என்னென்று சொல்லுவோம்? அங்ஙனமே செல்கின்றோம்.

வண்டி மோதும்போது நிகழும் மோதல் ஒன்றன்று. வண்டி முதலில் மோதி நிற்கின்றது. உள்ளிருப்பவர் உடல் நிற்பதில்லை. முன்னிருந்த விரைவிலேயே சென்று முன்னிருக்கையிலோ கூரையிலோ கண்ணாடியிலோ மோதுகின்றது. அதன்பின் உடலுக்குள்ளே மூளை மண்டையோட்டிலும், ஈரலும் நெஞ்சுப்பையும் விலாவெலும்பிலும் மோதுகின்றன. வார் செய்வது யாதெனின், உடலை வண்டியோடு ஒன்றாக்கி, வண்டியின் முகப்பு நசுங்கும் காலத்தளவும் உடலையும் சிறிது சிறிதாக விரைவு தணிக்கின்றது. தாங்கும் விசையையும் வலிய எலும்புகளாகிய இடுப்பின்மேலும் தோட்பட்டையின்மேலும் மார்பின்மேலும் பகிர்ந்து வைக்கின்றது. ஆதலின் அதனை வயிற்றின்மேற் கிடத்துவதும், அக்குளுக்குக் கீழே நுழைப்பதும், முதுகின்பின் தள்ளுவதும் பயன் தாரா. சிலபோது கேடும் செய்யும்.

தோளினின்று இடுப்பிற்குக் குறுக்கே வரும் இம்மூன்று முனை வாரை 1959-ஆம் ஆண்டில் வால்வோ என்னும் சுவீடன் நாட்டு நிறுவனத்திற் பணிபுரிந்த நில்சு போலின் என்பார் அமைத்தனர். அவர் அதற்கு முன்னர் வானூர்தி ஓட்டிகளை ஆபத்துக் காலத்தில் இருக்கையோடு வெளியே எறியும் பொறிகளை ஆக்கிக் கொண்டிருந்தவர். எறிவதைக் கற்றவரே எறியப்படாமற் காப்பதையும் கண்டனர். அந்நிறுவனம் அதன் உரிமையைத் தனக்கே வைத்துக்கொள்ளாது பிற நிறுவனத்தாரும் பயன்கொள்ள விட்டது. வணிகர் மிகுந்த இவ்வவையார் அச்செயலின் அருமையை நன்குணர்வர். 1970-இல் ஆசுதிரேலியாவின் விக்டோரியா மாநிலம் வாரணிதலைச் சட்டமாக்கிற்று. நம் நாட்டு விதிகளைப் பின்னர்க் கூறுவோம்.

இனி, யாம் சொல்ல வந்த செய்திக்கு வருவோம். 2022-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 4-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மகாராட்டிர மாநிலம் பால்கர் மாவட்டத்தில் சூரியா ஆற்றுப் பாலத்தருகே விலையுயர்ந்த மெர்சிடிஸ் வண்டியொன்று பாலத்துச் சுவரில் மோதிற்று. அதில் நால்வர் இருந்தனர். முன்னிருக்கையில் இருந்த இருவரும் பெருங்காயத்தோடு உயிர் பிழைத்தனர். பின்னிருக்கையில் இருந்த இருவரும் மாண்டனர். மாண்டவருள் ஒருவர், டாட்டா சன்ஸ் நிறுவனத்தின் தலைவராக 2012 முதல் 2016 வரை வீற்றிருந்த சைரஸ் மிஸ்திரி. அவர்க்கு அப்போது 54 வயது. பின்னிருந்த இருவரும் வாரணிந்திலர் என்று காவல்துறையார் அறிவித்தனர். நாட்டின் பெருஞ்செல்வருள் ஒருவர். அவர் ஏறியது காவற்கருவிகள் நிறைந்த வண்டி. பல நூறாயிரம் செலவிட்டு வாங்கிய அவ்வண்டியிலே, கூடுதலாக ஒரு காசும் கொடாமற் கிடந்த துணிப்பட்டை ஒன்று மட்டும் பயன்படாது போயிற்று. நம்மவர் பலர் இந்நாளிற் பெரிய வண்டியாக வாங்குகின்றனர். வாங்குக. வண்டி பெரிதாயின் அச்சமில்லை என்ற எண்ணத்தை மட்டும் கடையிலேயே விட்டு வருக.

அந்நிகழ்ச்சியைச் செய்தித்தாளிற் படித்தபோது எம் உள்ளத்தைத் தைத்தது அவர்தம் செல்வமன்று. அவர் அமர்ந்திருந்த இடம். நம் வீடுகளில் யாரை எங்கே அமர்த்துகின்றோம் என்று எண்ணிப் பாருங்கள். ஓட்டுபவர் கூலிக்கு அமர்ந்தவராகவோ வீட்டு இளைஞராகவோ இருப்பார். அவர் அருகே வழி சொல்லும் ஒருவர். இவ்விருவரும் காவலர்க்கு அஞ்சியேனும், வண்டியின் மணி ஓயாது ஒலிப்பதற்குச் சலித்தேனும் வாரை மாட்டிக்கொள்கின்றனர். பின்னிருக்கை மதிப்பிற்குரியார் இருக்கை. ஆண்டு பாட்டியும் பாட்டனும், கருவுற்ற மகளும், மணமகளும், கைக்குழந்தையும் அமர்கின்றனர். 'நீங்கள் நிம்மதியாகச் சாய்ந்துகொள்ளுங்கள்' என்று அன்போடு அமர்த்திக் கதவைச் சாத்துகின்றோம். யாரை நாம் மிகவும் பேணுகின்றோமோ அவர்களையே கட்டின்றி விடுகின்றோம்.

எம்மிடம் முன்னாளிற் பயின்ற மாணவர் ஒருவர் உப்பு வணிகத்தில் இருக்கின்றார். மூன்றாண்டுகட்கு முன்னர் ஏரலில் உறவினர் வீட்டு வளைகாப்பிற்குச் சென்று இரவில் மீண்டபோது, விளக்கின்றிச் சாலையோரத்தில் நின்ற லாரியின் பின்புறத்தில் அவர்தம் வண்டி மோதிற்று. வாரணிந்து முன்னிருந்த அவரும் அவர் தம்பியும் தோளிலும் மார்பிலும் கன்றிய காயங்களோடு தாமே இறங்கி நடந்தனர். பின்னிருந்த அன்னையார் முன்னிருக்கையின்மேல் எறியப்பட்டுக் கழுத்தின் முள்ளெலும்பு முறிந்தார். இன்றுவரை கட்டிலை விட்டு எழுந்திலர். உணவும் பிறர் ஊட்ட வேண்டும். யாம் காணச் சென்றபோது அம்மாணவர் எம்மைத் திண்ணைக்கு அழைத்துச்சென்று தாழ்ந்த குரலிற் சொன்னார்: "ஐயா, அம்மை கேட்டாள், 'எனக்கும் அந்தப் பட்டையைப் போடணுமா'ன்னு. பின்னால இருக்கிறவங்களுக்கு வேண்டாம்மா, நீ படுத்துக்கோன்னு நான்தான் சொன்னேன்." அவர்க்குச் சொல்லத்தக்க மறுமொழி எம்மிடம் இல்லை. அவர் இசைவு பெற்றே ஈண்டு இதனைச் சொல்லுகின்றோம்.

பின்னிருப்பவர் கட்டின்றி இருத்தல் அவர்க்கு மட்டுமே கேடு என்றும் எண்ணவேண்டா. ஜப்பானிய ஆராய்ச்சியாளர் சிலர் தம் நாட்டு விபத்துக்களை ஆராய்ந்து 2002-ஆம் ஆண்டில் லான்செட் என்னும் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பின்னிருப்பவர் வாரணியாதவழி, முன்னே வாரணிந்து அமர்ந்திருப்பவர் உயிரிழக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காகின்றது என்பது அவர் கண்ட முடிபு. பின்னிருந்து எறியப்படும் உடல் முன்னிருப்பவரை நசுக்குகின்றது. பாட்டி வாரணிவது பேரனுக்கும் காவல் என்று இதனைப் பாட்டிமார்க்குச் சொல்லுங்கள். தமக்காக அணியாதவரும் பேரனுக்காக அணிவர்.

நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டிற் சாலை விபத்துக்களில் இறந்தோர் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் சாலைப் போக்குவரத்துத் துறையார் கணக்கு வெளியிட்டனர். அவருள் வாரணியாமல் இறந்தவர் 16,715. இத்தொகையில் ஓட்டுபவர் 8,384. உடன் சென்றவர் 8,331. நாளொன்றுக்கு ஏறத்தாழ 46 பேர். ஏறக்குறையப் பாதிப் பேர் வண்டி ஓட்டாதவர் என்பதை நோக்குக. மாண்டவர்தம் கணக்கு இது. எம் மாணவரின் அன்னையார் போன்றோர் இதனுள் அடங்கார்.

இனி, மறுத்துரைப்பார் கூற்றுக்களைச் சிறிது காண்போம்.

'எல்லாம் தலையெழுத்து' என்பர் சிலர். முத்துக்குளிப்பாரும் தலையெழுத்தை நம்பியவரே. சுறாமீன் வாயைக் கட்டுவதற்குக் கடல்கட்டி என்னும் மந்திரக்காரரை அவர் வைத்திருந்தனர். இத்தகைய மந்திரக்காரர்க்கு முத்துவருவாயில் இருபதில் ஒரு கூறு அளிக்கப்பட்டதென்று மார்க்கோ போலோவும் எழுதிவைத்தனர். மந்திரத்தை அத்துணை நம்பியவர் கயிற்றை விட்டாரா? விட்டிலர். மந்திரமும் இருக்கட்டும், கயிறும் இருக்கட்டும் என்பதே அவர் கொண்ட அறிவு.

நீரில் வீழ்ந்தால் வாரே எமனாகும் என்பது மற்றொரு கூற்று. இதனை இகழ்ந்து தள்ளுதல் கூடாது. 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் நம் மாவட்டத்துச் சாத்தான்குளத்தையடுத்த மீரான்குளத்தில் வேன் ஒன்று சாலையோரக் கிணற்றில் வீழ்ந்து ஐவர் மாண்டனர். அத்துயரத்தைப் பற்றித் தீர்ப்புக் கூற யாம் வந்திலம். அதன்பின் நம்மவர் சிலர் எம்மை இக்கேள்வி கேட்டனர் ஆதலின் மறுமொழி கூறுகின்றோம். வாரை அவிழ்க்க ஒரு பொத்தானை அழுத்தினாற் போதும். நினைவுள்ளவனுக்கு நொடிப்பொழுது வேலை. கிணற்றிலோ வாய்க்காலிலோ வீழும் வண்டி நீரைத் தொடும்போதே பெருமோதலுக்கு உள்ளாகின்றது. அம்மோதலில் தலை அடிபட்டு நினைவிழந்தவன் கட்டின்றி இருந்தும் கதவைத் திறவான். நினைவோடு இருப்பதற்கே வார் வேண்டும்.

காற்றுப்பை இருக்கின்றதே என்பர் புதுவண்டி வாங்கியவர். காற்றுப்பை வாரணிந்தவர்க்குத் துணையாக அமைக்கப்பட்டது. கண்ணிமைக்கும் முன்னர் வெடித்து விரியும் அதன்மேல், கட்டற்ற உடல் முன்னோக்கிப் பாயுமாயின் அதுவே தாக்கும்.

குழந்தைகளைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்லுதல் கடமை. மடியிலிருக்கும் குழந்தையைத் தாயின் கைகளினும் வலிய காவல் எது என்று நம் பெண்மணிகள் கேட்பர். தாயன்பிற்கு எல்லை இல்லை. கைவலிமைக்கு எல்லை உண்டு. மணிக்கு 50 கிலோமீட்டர் விரைவிற் செல்லும் வண்டி நொடியில் இருபதில் ஒரு கூற்றில் நின்றால், 10 கிலோ எடையுள்ள குழந்தை அக்கணத்தில் ஏறத்தாழ 280 கிலோ எடைபோலத் தாயின் கையை விட்டுப் பாயும். உப்பு மூட்டை ஐந்தைத் தாங்க வல்ல கை எவர்க்குண்டு? தாயும் வாரணியாதிருப்பின் தாயுடலே குழந்தையை முன்னிருக்கையோடு நசுக்கும். தாயும் சேயும் ஒரே வாருக்குள் இருத்தலும் அத்தகையதே. குழந்தைகட்கென்று தனியிருக்கைகள் விற்கின்றனர். நாம் மணவிழாவிற்கு எடுக்கும் பட்டுச்சேலை ஒன்றன் விலைக்குள் நல்லது கிடைக்கும். அதனைப் பின்னிருக்கையிற் பொருத்துக. சிறுகுழவியாயின் முகம் வண்டியின் பின்புறம் நோக்கியிருக்குமாறு வைத்தல் வேண்டும். முன்னிருக்கையிற் குழந்தையை மடியில் வைத்துக் கடற்காற்று வாங்கச் செல்லும் வழக்கத்தை இன்றோடு விடுக.

கருவுற்ற மகளிர் வாரணியலாகாது என்பது தவறான எண்ணம். கீழ்ப்பட்டை வயிற்றிற்குக் கீழே இடுப்பெலும்பின்மேற் படியவும், மேற்பட்டை மார்பின் நடுவே சென்று வயிற்றின் பக்கமாக இறங்கவும் அணிதல் வேண்டும். ஏழாந்திங்களில் வளையலிட்டு மாலை சூட்டித் தாய்வீட்டிற்கு அழைத்துச் செல்லும் மகளுக்கு இப்பட்டையையும் அணிவிப்பது தாயின் கடமை. பட்டுச்சேலை கசங்கும் என்னும் குறைக்கு யாம் விடை சொல்லோம்; வீட்டிற்கு வீடு சலவைப்பெட்டி உண்டு.

சட்டம் இதனைப் புதிதாகச் சொல்லவில்லை. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 138-ஆம் விதி, வார் அமைந்த வண்டியில் முன்னிருப்பாரும், முன்னோக்கிய பின்னிருக்கைகளில் இருப்பாரும் வாரணிய வேண்டும் என்கின்றது. 2019-இல் திருத்திய சட்டம் 1,000 ரூபாய் தண்டம் விதித்தது. பதினான்கு வயதிற்குட்பட்ட குழந்தையைக் கட்டின்றி அழைத்துச் சென்றாலும் அதே தண்டம். ஆயினும் தண்டத்திற்கு அஞ்சி நடப்பவர் தண்டத்தை ஏய்க்கவும் கற்றுக்கொள்கின்றனர். வாரணியாமலே எச்சரிக்கை மணியை ஊமையாக்கும் பொய்க் கொக்கிகளைச் சிலர் இணையக் கடைகளில் வாங்கினர். 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து பெரிய இணைய வணிகத்தார்க்கு ஆணையிட்டு, அத்தகைய விற்பனைப் பதிவுகள் 13,118-ஐ நீக்கச் செய்தது. காசு கொடுத்துக் காவலனைக் கொல்வார் பதின்மூவாயிரம் கடைவிரிக்கும் அளவிற்கு இருந்தனர் என்பது வியப்பே. நம் சங்கத்தார் வண்டிகளில் அவை இருக்குமாயின், இக்கூட்டம் முடிந்தவுடன் வாயிலில் உள்ள குப்பைத்தொட்டி அருகிலேயே உள்ளது.

பின்னிருக்கையில் வாரணிய விரும்புவோர்க்கும் ஓர் இடர் உண்டு. தேடினால் வார் கிடைப்பதில்லை. புதுவண்டி வாங்கியவுடன் அழகிய உறை தைத்துப் போடுகின்றோம். வாரின் கொளுவி உறைக்கு அடியிற் புதைந்துபோகின்றது. அதன்மேல் துண்டு விரித்தல் வேறு. சென்ற ஆவணியில் யாம் ஏறிய மணவீட்டு வண்டியில் கொளுவியைத் தேடி எடுக்கத் திருச்செந்தூர்ச் சாலையில் பழையகாயல் வரை ஆயிற்று; உடனிருந்தோர் யாம் மூக்குக்கண்ணாடியைத் தொலைத்துவிட்டோம் என்றே எண்ணினர். மேலும் மூன்று வார் உள்ள இருக்கையில் ஐவரை அடைத்தால் எவர் எதனை அணிவது? 'கொஞ்சம் ஒதுங்குங்கள், சித்தப்பா' என்னும் நம் விருந்தோம்பல் மணப்பந்தியில் இருக்கட்டும்.

ஆதலின் செயலாளரிடம் யாம் கேட்டுக்கொள்வன சில. மதுரையில் நடைபெறும் ஆண்டு விழாவிற்குச் சங்கத்தின் சார்பில் வண்டிகள் அமர்த்தும்போது, பின்னிருக்கைகளிலும் வார் உள்ளனவற்றையே அமர்த்துதல் வேண்டும். புறப்படுவதற்கு முதல்நாள் மாலையில் இளைஞரணியார் ஒவ்வொரு வண்டியிலும் உறையை நீக்கிக் கொளுவிகளை வெளியே எடுத்து, மாட்டியும் கழற்றியும் பார்த்தல் வேண்டும். இருக்கை எண்ணிக்கைக்கு மேல் ஒருவரையும் ஏற்றலாகாது. மிகுந்தவர்க்கு மற்றொரு வண்டி அமர்த்தும் செலவில் ஒரு பகுதியைத் தமிழாசிரியரும் தருவார். முதியோரையும் குழந்தைகளையும் அமர்த்தி வாரை மாட்டியபின்பே ஓட்டுநர் சாவியைத் திருப்ப வேண்டும். அதனைப் பார்த்துக்கொள்ள வண்டிக்கு ஒருவரைப் பெயர் குறித்து நியமிக்க வேண்டும். அப்பணிக்கு மைத்துனன்மார் முன்வருவராயின் இன்னும் நன்று.